அப்பாவுக்கு மட்டும் ஏன் ஃபைன்?

“அம்மா, அப்பா என்ன தப்பு பண்ணினாரு? அவருக்கு மட்டும் ஏன் ஃபைன் போடறாங்க?”

சைதாப்பேட்டையில் நாங்கள் ஏறியது சாதாரணக் கட்டணப் பேருந்து. முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்தது. கண்டக்டர் என் மனைவியிடம் காசு வாங்காமல் டிக்கெட்டைக் கொடுத்தார். மகளுக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை, அதனால் அவளுக்கு டிக்கெட்டே கிடையாது. என் பக்கம் திரும்பியவர் மட்டும் கையை நீட்டினார். நான் பாக்கெட்டில் சில்லறை தேடியதைப் பார்த்துவிட்டுத்தான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள், அதுவும் பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும்படியாக. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்: “ஆம்பளையாப் பொறந்ததுதாம்மா உங்கப்பா பண்ண தப்பு.” பின்சீட்டுப் பெண்களின் சிரிப்பு சின்னமலை ஸ்டாப் வரைக்கும் அடங்கவில்லை.

சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது 2021 மே மாதம். ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை என்று மறுவருடம் அறிவித்தார்கள். அதற்கு முன்பு மூன்று வயது வரைதான். நாலு வயதுப் பிள்ளையை மடியில் மடக்கி உட்காரவைத்து, “இன்னும் மூணு முடியலை சார்” என்று சொல்லிப் பார்க்காத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. விவரமான கண்டக்டர் பெற்றோரிடம் வாதாட மாட்டார். குனிந்து, “பாப்பா, எந்த கிளாஸ் படிக்கிற?” என்று கேட்பார். பாப்பா யு.கே.ஜி., பி செக்‌ஷன், மிஸ் பெயர், வேன் நம்பர் வரை ஒப்பித்துவிடும்.

இன்றைக்கும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. மின்சார ரயில் ஐந்து வயது வரை சும்மா ஏற்றிக்கொள்கிறது. மெட்ரோ வயதைக் கேட்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறது. 90 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் என் மகள் பஸ்ஸில் கைக்குழந்தை, மெட்ரோவில் முழுப் பயணி. தனக்கென்று ஒரு டிக்கெட் கிடைக்கிற ஒரே வண்டி என்பதால் மெட்ரோ மேல் அவளுக்குத் தனி மரியாதை. பாதுகாப்புச் சோதனையில் கண்காணிப்பு கேமராவைப் பார்த்தால் உடனே நின்று, தலையைச் சாய்த்து, பல் தெரியச் சிரிப்பாள். கேமரா என்றால் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொடைக்கானல், சிங்கப்பூர் என்று திட்டம் போட்டுப் போகிற சுற்றுலாக்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது வேறு கதை. காலையில் கிளம்பி, தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய், இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற அரைநாள் அவுட்டிங். சென்னையில் நடுத்தரக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் கழிகிறது. செலவு சில நூறு ரூபாய். சின்னப் பெண் ஒருத்தி கூட வந்தால், நாம் பார்க்கப்போனது ஒன்றாகவும் பார்த்துவிட்டு வந்தது வேறாகவும் இருக்கும். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் கிளம்புங்கள்.

மோட்டாரை யார் நிறுத்துவது?

மெரினாவில் முதல் அலை வந்து காலை நனைத்ததும் இவள் கத்தியது, “அப்பா, தண்ணி வழியுது! யாரும் மோட்டாரை ஆஃப் பண்ணலையா?” அடுக்குமாடி வீட்டில் வளர்கிற பிள்ளை. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் நாலு வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்து “மோட்டார், மோட்டார்” என்று அலறுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். இவ்வளவு தண்ணீர் வீணாகிறது, நாங்கள் எல்லோரும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் தின்றுகொண்டு நிற்கிறோமே என்ற கோபம் அவள் முகத்தில் தெரிந்தது.

மெரினா கலங்கரை விளக்கம் 1977-ல் வந்தது. பல வருடம் மக்களுக்கு மூடிவைத்திருந்துவிட்டு 2013-ல் மறுபடியும் திறந்துவிட்டார்கள். லிஃப்டில் மேலே போகலாம். மேலிருந்து கடல், மணல், சாந்தோம் கோபுரம் என்று நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை. “நம்ம வீடு எங்க?” என்றாள். உத்தேசமாக ஒரு திசையைக் காட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பால்கனில நான் நிக்கறேனான்னு பாத்து சொல்லு.”

இதையெல்லாம் எழுதிவைக்க என் மனைவி பால் கணக்குக் காலண்டரைப் பயன்படுத்துகிறாள். ஒரு லிட்டர், அரை லிட்டர், “மோட்டாரை ஆஃப் பண்ணலையா” என்று மூன்றும் ஒரே கட்டத்தில் இருக்கும். கோர்னெய் சுகோவ்ஸ்கி என்ற ரஷ்யக் குழந்தை எழுத்தாளர் இந்த வேலையை வருடக்கணக்கில் செய்தார். குழந்தைகள் பேசியதைப் பேசியபடியே குறித்துவைத்து, ‘இரண்டிலிருந்து ஐந்து வரை’ என்று புத்தகமாகவே போட்டுவிட்டார். தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குச் சரியான பதில்களைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதற்குள் எழுதிக்கொண்டவர்களுக்கு லாபம்.

செத்த காலேஜும் உயிர் காலேஜும்

பழைய மெட்ராஸ்காரர்களுக்கு எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். 1851-ல் தொடங்கிய மியூசியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். கல்லையும் எலும்பையும் பார்க்க வருகிறவர்களைவிட, அங்கே உயிரோடு வைத்திருந்த மிருகங்களைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம் என்பதை அவர் கவனித்தார். ஆற்காடு நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி 1855-ல் மிருகக்காட்சி சாலையை ஆரம்பித்தார். பிறகு அது சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985-லிருந்து வண்டலூரில், சுமார் 600 ஹெக்டேர் காட்டில் இருக்கிறது.

வண்டலூரில் வெள்ளைப்புலியை நாங்கள் பார்த்தோம். அதாவது, அதன் முதுகைப் பார்த்தோம். மதிய வெயிலுக்கு மரநிழலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் பெரியவர்கள் கூடி நின்று விசிலடிப்பதும், கைதட்டுவதும், “ஏய் புலி” என்று அதட்டுவதுமாக இருந்தார்கள். (விலங்கைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்ற பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு!) மகள் என் காதருகே வந்து, “அதுக்கும் ஞாயித்துக்கிழமை லீவாப்பா?” என்றாள். அந்தக் கூட்டத்தில் புலியின் பக்கம் நின்ற ஒரே ஆள் அவள்தான்.

பிறகு ஒரு குரங்கு எங்களைக் கடந்து போனது. கூண்டுக்குள் இருக்கிற அரிய வகை இல்லை. சாதாரண நாட்டுக்குரங்கு, நடைபாதையில் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. “இது டிக்கெட் வாங்கலையா?” என்று கேட்டாள். வாங்கவில்லை என்றேன். “அப்போ வெளியிலேர்ந்து பாக்க வந்திருக்கு” என்று முடிவுசெய்து, அது எந்தக் கூண்டைப் பார்க்கிறது என்று அதன் பின்னாலேயே போனாள். நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் எங்களுக்காகக் காத்திருந்தன. நாங்கள் குரங்கு பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழும்பூருக்குப் போனது ஆச்சியோடு. என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பேத்தியிடம் ஒரே ஒரு குறை, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. “சாப்பிடலைன்னா எலும்பும் தோலுமாத்தான் நிப்பே, பாத்துக்கோ” என்பது மூன்று வேளையும் ஒலிக்கிற பாட்டு. மியூசியத்தில் திமிங்கிலத்தின் பெரிய எலும்புக்கூட்டைப் பார்த்ததும் பேத்தி ஆச்சியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். “ஆச்சி, இதுவும் சாப்பிடலையா?” ஆச்சிக்கு வாயெல்லாம் பல். “ஆமாளா, சொன்னேன்லா!” பேத்தி இன்னொரு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், “தோலைக் காணோமே.”

செப்புத்திருமேனிக் கூடத்தில் நடந்ததுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்கவைத்தது. திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றோம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த மியூசியத்து நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரை 1921-ல், அவர் இறந்த பிறகு, வெளியானது. அதைப் பற்றி மனைவியிடம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு புகார் வந்தது. “அப்பா, கீழ ஒரு பாப்பா படுத்திருக்கு. அது மேல கால் வெச்சிருக்காரு. எடுக்கச் சொல்லு.” அது பாப்பா இல்லை, முயலகன், அறியாமையைக் காட்டுகிற உருவம் என்றேன். அறியாமை என்றால் என்ன என்றாள். ஒன்றும் தெரியாமல் இருப்பது என்றேன். “பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? அதுக்காக மிதிப்பாங்களா?”

கூடத்துக் காவலர் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை. அவள் உயரத்துக்கு நேராக இருந்தது முயலகனின் முகம். எனக்கு நேராக இருந்தது நடராஜரின் தூக்கிய கால். ஒரே சிலையின் முன்னால்தான் நின்றோம், ஆனால் இருவர் பார்த்ததும் வேறு. அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு தடவை குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மூட்டு வலிக்கும், ஆனாலும் பார்க்கக் கிடைப்பவை அதிகம்.

வெண்ணெய் உருண்டையைத் தாங்கியவர்கள்

குத்தவைத்துப் பார்க்கிறவர்களுக்கு மாமல்லபுரத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் குழந்தைகளை நினைத்தே சில விஷயங்களைச் செதுக்கியிருக்க வேண்டும். அர்ச்சுனன் தபசு என்கிற பெரும்பாறையில் நடப்பது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். அந்தப் பாறையின் கீழ்ப்பகுதியில், யானைக்குப் பக்கத்தில், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மேலே தவசி நிற்கிற அதே தோரணை. வழிகாட்டி சொல்லாமலே மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “பூனையை ஹேண்ட்ஸ் அப் சொல்லி நிக்கவெச்சிருக்கு எலி.” போலித் துறவியைக் கேலி செய்கிற சிற்பம் என்று படித்திருக்கிறேன். எலிகள் கைதுசெய்த கதையும் பொருந்தத்தான் செய்கிறது.

அங்கிருந்து கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்கு வந்தோம். சரிவில் உருளப்போவது போலவே நிற்கிற அந்தப் பாறாங்கல் சுமார் 250 டன் என்பார்கள். 1908-ல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அசையவில்லை என்பது வழிகாட்டிகள் தவறாமல் சொல்கிற கதை. அங்கே போகிற எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பாறைக்குக் கீழே நின்று, இரண்டு கையாலும் தாங்குகிற மாதிரி போஸ் கொடுத்தேன். மனைவி போட்டோ எடுத்தாள். முடிந்தது என்று கையை எடுத்தேன்.

மகள் வீறிட்டாள். “கையை எடுக்காத!”

சரிவுக்குக் கீழே புல்வெளியில் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அப்பா கையை எடுத்தால் கல் உருண்டு அவர்கள் மேல் விழுந்துவிடும் என்பது இவள் கணக்கு. ஒன்றும் ஆகாதும்மா, ஆயிரம் வருஷத்துக்கு மேல இப்படியேதான் நிக்குது என்றேன். “அப்போ யாரோ புடிச்சிருந்தாங்க” என்றாள் அழுதுகொண்டே. யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. நாங்கள் வந்ததிலிருந்து அந்தப் பாறையை யாராவது ஒருவர் தாங்கிக்கொண்டுதான் இருந்தார். ஒருவர் விலகினால் இன்னொருவர் வந்துவிடுவார். ஆள் இல்லாமல் அவள் அதைப் பார்க்கவே இல்லை.

நான் மறுபடியும் கையை வைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மனைவி சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டாள். சமாதானப் பேச்சு எதுவும் எடுபடவில்லை. என்னைக் காப்பாற்றியவர் எங்களுக்கு அடுத்துப் போட்டோவுக்காகக் காத்திருந்த, தொப்பி போட்ட ஒரு பெரியவர். விஷயத்தைப் புரிந்துகொண்டு முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். பாறையில் கை வைத்து, காலை அகட்டி நின்று, மகளைப் பார்த்துக் கறாராகச் சொன்னார்: “பாப்பா, நான் புடிச்சுக்கிட்டேன். உங்கப்பாவை விட்டுடலாம். டியூட்டி மாறியாச்சு.” அவள் அவர் கைகள் இரண்டும் பாறையில் இருக்கின்றனவா என்று சரிபார்த்தாள். அதற்குப் பிறகுதான் நான் விடுதலையானேன். கீழே இறங்கிப் போகும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த நல்ல மனிதர் நாங்கள் வளைவைத் தாண்டும் வரை கையை எடுக்கவே இல்லை.

குழந்தையோடு வெளியே போனால் இப்படிப்பட்ட மனிதர்கள் அகப்படுகிறார்கள். தனியாகப் போனால் அந்தப் பெரியவர் என்னிடம், “சார், கொஞ்சம் நகருங்க” என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். ஊர் திரும்பும் வழியில் ஒரு ஹோட்டலில் சப்ளையர் “இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா, ஆனியன் ரவா, நெய் ரோஸ்ட்...” என்று ஒரே மூச்சில் ஒப்பித்ததும் இவள் கைதட்டி, “ஒன்ஸ் மோர்” என்றாள். கூட்டம் நெரிகிற நேரம். அவர் இன்னொரு தடவை, இந்தத் தடவை ராகத்தோடு, ஒப்பித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஆர்டர் செய்தது பட்டியலிலேயே இல்லாத தயிர் சாதம்! அதில் பாதி வாய்க்கும் மீதி சட்டைக்கும் போனது. பாண்டியன் அறிவுடை நம்பி, சோற்றைச் சிதறியும் துழாவியும் உடம்பெல்லாம் நெய்ச் சோறு பூசிக்கொள்கிற குழந்தையைப் புறநானூற்றில் பாடி, அது இல்லாத வாழ்க்கையில் பயனில்லை என்கிறான். அரண்மனையில் மேஜை துடைக்கத் தனியாள் இருந்திருப்பார். ஹோட்டலில் டிஷ்யூ பேப்பர் கேட்டால் ஒன்றுதான் தருகிறார்கள்.

நிலா எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறதா?

பக்கத்து இடங்களுக்கு டூவீலர்தான். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தையைப் பின்னால் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு பிணைக்கிற பெல்ட், ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று 2022-ல் மத்திய அரசு விதி போட்டது. நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களின் ஹெல்மெட்டைப் பிள்ளையின் தலை முழுக மாட்டிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். குழந்தை அளவில் ஹெல்மெட் கடைகளில் கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள்.

ஒரு பௌர்ணமி ராத்திரி கடற்கரையிலிருந்து திரும்பும்போது நடுவில் உட்கார்ந்திருந்தவள், “நிலா நம்ம பின்னாடியே வருது, நம்ம வீட்டுக்கா?” என்றாள். ழான் பியாஜே 1920-களில் ஸ்விட்சர்லாந்துக் குழந்தைகளிடம் சூரியன், நிலா பற்றியெல்லாம் கேட்டு எழுதிவைத்ததிலும் இதே பதில்தான் இருக்கிறது, நாம் போனால் அதுவும் கூட வரும் என்று. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பின்குறிப்பு உண்டு. சிக்னலில் நின்றபோது, “அது ஏன் ஹெல்மெட் போடலை?” என்று கேட்டாள்.

மால் பற்றி ஒரு பத்தி போதும். கார்டை ரீசார்ஜ் செய்து, பத்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று விளையாடவிடுகிற இடத்துக்கு ஒரு மழைநாளில் போனோம். இவளுக்குப் பிடித்தது எஸ்கலேட்டர். ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறினாள். அதற்குக் காசு இல்லை. கார்டில் பாக்கிப் பணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரு கதவு வேண்டும்

அம்மா இல்லாமல் அப்பாவும் மகளும் மட்டும் வெளியே போகிற வீடுகள் இப்போது பெருகிவிட்டன, நல்ல விஷயம். ஆனால் “அப்பா, உச்சா” என்ற ஒரு சொல்லில் அந்த அவுட்டிங் ஆட்டம் காணும். பெண்கள் கழிப்பறைக்குள் நான் போக முடியாது. ஐந்து வயதுகூட ஆகாதவளைத் தனியாக அனுப்பவும் முடியாது. ஆண்கள் பக்கம் அழைத்துப்போனால் வரிசையாக நிற்பவர்களைப் பார்த்து உரத்த குரலில், “இந்த மாமாவெல்லாம் ஏன் சுவரைப் பாத்து நிக்கறாங்க? மிஸ் நிக்கவெச்சாங்களா?” என்பாள். மாமாக்கள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது. வேறு வழியில்லாமல் வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், “அக்கா, கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டிருக்கிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. ஆனாலும் ஓர் அப்பா அப்படிக் கேட்டு நிற்பதும், முகம் தெரியாதவர் கையில் பிள்ளையை அனுப்புவதும் சரியான ஏற்பாடு கிடையாது.

ஆண், பெண் என்ற இரண்டு கதவுக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கென்று மூன்றாவதாக ஒரு கதவு போதும். உள்ளே ஒரு கழிப்பறை, கை எட்டுகிற உயரத்தில் ஒரு குழாய். விமான நிலையங்களிலும் சில பெரிய மால்களிலும் இருக்கிறது. காசு செலவழிக்கிறவர்கள் போகிற இடங்களில் இருப்பது, கடற்கரையிலும் பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் இருக்கக் கூடாதா? அப்பாக்களை மட்டும் சொல்லவில்லை. பேரனைக் கூட்டிவருகிற ஆச்சிக்கும், வயதான அம்மாவைக் கூட்டிவருகிற மகனுக்கும் இதே கதவுதான் தேவை. மாநகராட்சி புதிதாகக் கழிப்பறை கட்டும்போதே வரைபடத்தில் சேர்த்துவிட்டால் பெரிய செலவு ஒன்றும் வராது.

கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். இரண்டாவது இடத்தைக் குழந்தை உங்கள் தோளில் தூங்கியபடிதான் பார்க்கும். மாற்று உடை ஒன்றல்ல, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் போனில் தேடிப் பதில் சொல்ல வேண்டாம். “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேளுங்கள், அங்கேதான் நல்ல பதில்கள் இருக்கின்றன. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கலங்கரை விளக்கமும், மாமல்லபுரம் போகிற வழியிலுள்ள முதலைப் பண்ணையும் திங்கட்கிழமை திறப்பதில்லை. வண்டலூர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அன்றைக்குப் புலிக்கு நிஜமாகவே லீவு.